முதுகுப்பையுடன் ஐந்து நாடுகள்: தெற்கு ஆப்பிரிக்காவில் தம்பதியருக்கான தரைவழிப் பயண வழிகாட்டி

தெற்கு ஆப்பிரிக்காவைச் சுற்ற விரும்பும் தம்பதியர் பெரும்பாலும் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் சாலைகளைப் பிறகு தேடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு அந்த முறை ஒத்துவராது. தூரங்கள் பெரியவை, பேருந்துகள் சில தடங்களில் மட்டுமே ஓடுகின்றன, புகழ்பெற்ற இடங்கள் பலவற்றுக்குப் பொதுப் போக்குவரத்தே கிடையாது. எந்த நாட்டின் எல்லையை எந்த ஊரில், எந்த வாகனத்தில், எந்த வேளையில் கடக்கப் போகிறோம் என்பதை முதலில் எழுதிவிட்டு, இரண்டு எல்லைகளுக்கு இடையில் கிடைக்கும் நாட்களுக்குள் இடங்களைப் பொருத்துவதே சரியான வரிசை. எல்லைகள் ஒழுங்காக அமைந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமே அமைந்துவிடும்.

இங்கே விளக்கப்படும் பாதை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தொடங்கி நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே வழியாக அதே நாட்டின் ஜோகன்னஸ்பர்க்கில் முடிகிறது. அவசரமின்றிச் சுற்ற ஆறு வாரம் தேவை. நான்கு வாரம்தான் உண்டு என்றால் ஒரு நாட்டையாவது விட்டுவிடுங்கள். ஐந்தையும் நான்கு வாரத்தில் அடைக்க முயன்றால் பேருந்து இருக்கைதான் நினைவில் நிற்கும்.

எந்த மாதத்தில் புறப்படுவது

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புற்கள் காய்ந்து விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வருவதால் அவற்றைக் காண்பது எளிது, கொசுவும் குறைவு. ஆனால் இந்த ஆறு மாதங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஜாம்பெசி ஆற்றின் வெள்ளம் ஏப்ரல் வாக்கில் உச்சத்தை எட்டும்போது ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியில் எழும் நீர்த்திவலை அருவியையே மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியப் பக்கத்தில் பெரும்பாலும் பாறைச் சுவர்தான் தெரியும். போட்ஸ்வானாவில் உள்ள ஒகவாங்கோ வடிநிலத்தின் கணக்கு வேறு. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த மழை மெல்ல இறங்கி ஜூன், ஜூலை வாக்கில்தான் மௌன் நகரை எட்டுகிறது. அதாவது சுற்றுப்புறம் முழுவதும் காய்ந்து கிடக்கும் வேளையில் வடிநிலம் மட்டும் நிரம்புகிறது. அருவியும் வடிநிலமும் ஒரே பயணத்தில் நன்றாக அமைய வேண்டுமென்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரையிலான காலமே பொருத்தம்.

இதற்கு இரண்டு விலைகள் உண்டு. அது தென்கோளத்தின் குளிர்காலம் என்பதால் நமீபியப் பாலைவனத்தில் இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். கேப் டவுனில் அப்போது மழை. கேப் டவுனுக்கு மூன்று நாள் ஒதுக்கினால் போதும். 1,085 மீட்டர் உயரமுள்ள டேபிள் மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி காற்று பலமாக இருந்தால் ஓடாது. எனவே வானம் தெளிவாக இருக்கும் முதல் நாளிலேயே மலைக்குப் போய்விடுங்கள், மற்றவை காத்திருக்கும்.

விசாவும் கடவுச்சீட்டும்

விசா விதிகள் இந்தப் பகுதியில் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், ஐந்து நாடுகளின் குடிவரவுத் துறைத் தளங்களையும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு ஒருமுறையும் புறப்படுவதற்கு முன்பு ஒருமுறையும் பாருங்கள். ‘வந்திறங்கியதும் விசா’ என்று எழுதியிருந்தால், அது நீங்கள் கடக்கவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட தரை எல்லையிலும் வழங்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைநகர விமான நிலையத்தில் கிடைப்பது சாலையோர எல்லைச் சாவடியில் கிடைக்காமல் போகலாம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தென்னாப்பிரிக்க விசாவை ஊரிலேயே பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும். இந்தப் பாதையில் அந்நாட்டை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், பலமுறை நுழைவதற்கான விசா தேவை என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதி, பயணத் திட்டத்தையும் இணையுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் அருவிக்கு அருகே ஜாம்பியப் பக்கத்திலுள்ள லிவிங்ஸ்டனிலோ ஜிம்பாப்வேப் பக்கத்திலுள்ள விக்டோரியா ஃபால்ஸ் நகரிலோ விமானம் ஏறி ஊர் திரும்பும்படி பாதையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாற வேண்டியிருந்தால், அங்கே இடைநிலைப் பயணியாகக் கடக்க உங்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் பொதுவாகக் ‘காஸா யூனிவிசா’ என்ற ஒன்று உண்டு. 50 டாலர் கட்டணத்தில் 30 நாட்களுக்கு இரு நாடுகளுக்கும் இடையே எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். கசுங்குலா என்ற எல்லை வழியாகப் போட்ஸ்வானாவுக்கு ஒருநாள் பயணமும் போகலாம். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால் இதுவே வசதி.

கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கங்கள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஒட்டு விசா ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அதன்மேல் ஐந்து நாடுகளின் வரவு, வெளியேற்ற முத்திரைகள் வேறு. எட்டுப் பக்கமாவது வெற்றாக இருப்பது நல்லது.

தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும், அல்லது அங்கே தந்தையின் பெயர் இருக்கும். கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான பெயர் எதுவும் இராது. விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, பேருந்துச் சீட்டு, வாகன வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் பெயரை எழுதுங்கள். ஆங்கிலத்தில் உள்ள திருமணச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், கேள்வி எழும் இடத்தில் அதை நீட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

உடல்நலம்

நமீபியாவின் வடக்கும் வடகிழக்கும், போட்ஸ்வானாவின் வடக்கு, ஜாம்பியா, ஜிம்பாப்வேயின் ஜாம்பெசிக் கரை ஆகியவை மலேரியாப் பகுதிகள். கேப் டவுனிலும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கிலும் இந்த அச்சம் இல்லை. வறண்ட காலத்தில் ஆபத்து குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால் தடுப்பு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு. ஆனால் தினமும் எடுத்து, மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். அடோவாகுவோன்–புரோகுவானில் விலை கூடுதல். திரும்பியபின் ஏழு நாள் எடுத்தால் போதும். மனைவி கருவுற்றிருந்தாலோ, விரைவில் கருவுறும் எண்ணம் இருந்தாலோ அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கருவுற்ற பெண்ணுக்கு மலேரியா மிகவும் ஆபத்தானது, மாத்திரைகளில் சிலவும் ஏற்றவை அல்ல. அந்நிலையில் மலேரியாப் பகுதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மஞ்சள் காய்ச்சலைப் பொறுத்தவரை, நீங்கள் எந்த வழியாகப் பறக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற இடங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி விமானம் மாறினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. வளைகுடா நாடுகள் வழியாகப் பறந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் எழாது.

மருந்துப் பையில் இன்னொரு கவனம் தேவை. கோடீன், டைஃபென்ஹைட்ரமின் ஆகியவை ஜாம்பியாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் ஊரில் சளிக்கும் இருமலுக்கும் மருந்துச் சீட்டுகூட இல்லாமல் வாங்கிப் பழகிய பெனட்ரில் இந்த வகையைச் சேர்ந்தது. இதனால் கைதாகிய வெளிநாட்டவர்கள் உண்டு. அவற்றை எடுத்துச் செல்லாதீர்கள். மற்ற மருந்துகளை மேலுறை பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு வைத்திருங்கள். பயணக் காப்பீட்டில் மருத்துவ வானூர்தியில் ஏற்றிச் செல்லும் செலவு அடங்குகிறதா என்பதை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். நமீபியாவின் எட்டோஷா பூங்காவிலோ மௌனிலோ பெரிய விபத்து நேர்ந்தால் நோயாளியை விண்ட்ஹுக்குக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வானில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பணம்

நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் கட்டப்பட்டுள்ளது. ராண்டு நமீபியாவில் செல்லும்; நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. எனவே நமீபியாவை விட்டுப் புறப்படும் முன் அந்நாட்டுத் தாள்களைச் செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் புலா, ஜாம்பியாவில் குவாச்சா. ஜிம்பாப்வேயில் 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புதிய பணம் வந்தபோதும் அன்றாடப் புழக்கத்தில் அமெரிக்க டாலர் நீடிக்கிறது. அங்கே சில்லறை கிடைப்பது அரிது. ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களைக் கட்டாக ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். கிழிந்தவையும் மிகப் பழைய அச்சில் உள்ளவையும் வேண்டாம். 2009 ஜனவரியில் வெளியான 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் தாளை அருவிக்கரையில் நினைவுப் பொருளாக விற்பார்கள். விரும்பினால் வாங்குங்கள், அசலா போலியா என்ற கவலையை விட்டுவிட்டு.

இருவராகச் செல்வதன் முதல் பயன் இங்கே தெரியும். வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளை இருவரும் தனித்தனியே வைத்துக்கொண்டு, பணத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் ஒருவர் நிற்கும்போது மற்றவர் அவருக்கு முதுகு காட்டி நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க நகரங்களில் இயந்திரத்தின் அருகே யார் உதவ முன்வந்தாலும், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

செலவில் பெரும்பகுதி நமீபிய வாகன வாடகை, விலங்குகளைக் காணும் பயணங்கள், பூங்கா நுழைவு ஆகிய மூன்றுக்கும் போகும். தங்குமிடத்தில் தம்பதியருக்குச் சாதகம் உண்டு: இளையோர் விடுதிகளில் இருவர் அறையின் வாடகை, பொதுக்கூடத்தில் இரண்டு கட்டில் எடுப்பதற்கு அருகிலேயே இருக்கும், அந்த விடுதிகளின் தோட்டத்தில் கூடாரம் அடித்தால் இன்னும் குறைவு.

பையில் என்ன இருக்க வேண்டும்

பேருந்தின் அடியறையிலும் மினிபஸ்ஸின் பின்னிருக்கையிலும் மாறி மாறி ஏற்ற வேண்டியிருப்பதால், ஒருவருக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். உறைநிலைக்கு ஏற்ற தூக்கப்பை, கம்பளிக் குல்லா, தலைவிளக்கு, கொசுவலை, கொசு விரட்டி, சிறு அடுப்பு, கைப்பேசிக்கான பெரிய மின்சேமிப்பி ஆகியவை இன்றியமையாதவை. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சுவரில் இருப்பது நம் வீட்டில் குளிர்சாதனத்துக்கு வைக்கும் பெரிய மூன்று முனைச் சாக்கெட்; நம்மூர்ச் சிறு முனையை அதில் பொருத்தும் மாற்றி ஒன்றை ஊரிலேயே வாங்கிவிடலாம். ஜாம்பியாவில் பிரிட்டன் வகைச் சதுர முனை.

ராணுவப் பச்சை வரியமைப்புள்ள உடை எதுவும், தொப்பிகூட, வேண்டாம். போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம்.

சைவ உணவு உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. சோள மாவில் கிண்டும் பாப் என்ற உணவு, ஜாம்பியாவில் ன்ஷிமா என்றும் ஜிம்பாப்வேயில் சாட்ஸா என்றும் பெயர் மாறினாலும், நம் களியைப் போன்றதே. அவரை வகையோ கீரையோ தொட்டுக்கொள்ளக் கிடைக்கும். ஆனால் கீரையிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். பெரிய ஊர்களின் அங்காடிகளில் அரிசியும் பருப்பும் கிடைக்கும், விடுதிகளில் சமையலறை இருக்கும். நம் நாக்குக்கு ஏற்ற மிளகாய்ப்பொடியை மட்டும் ஊரிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.

கேப் டவுனிலிருந்து விண்ட்ஹுக்

சுமார் 1,500 கிலோமீட்டர் தூரமுள்ள இந்தத் தடத்தில் நெடுந்தூரப் பேருந்து ஓடுகிறது. இருபது மணி நேரத்துக்கும் மேலாகும். எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் இந்தச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு மற்ற நாட்களை அதற்கேற்ப அமையுங்கள். ஆரஞ்சு ஆற்றின் தென்கரையில் வியோல்ஸ்ட்ரிஃப் சாவடியில் தென்னாப்பிரிக்க வெளியேற்ற முத்திரை, வடகரையில் நூர்டுவர் சாவடியில் நமீபிய வரவு முத்திரை. இரவானாலும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டு, பேனா, தங்கவிருக்கும் விடுதியின் முகவரி, கம்பளிச் சட்டை ஆகிய நான்கும் கைப்பையில் இருக்கட்டும். முத்திரையில் எழுதப்பட்ட நாட்களின் எண்ணிக்கையைச் சாளரத்தை விட்டு நகரும் முன்பே வாசியுங்கள். கேட்டதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அங்கேயே பணிவாகச் சொல்லித் திருத்திக்கொள்வது எளிது, நாள் கடந்து தங்கியபின் விளக்குவது எளிதல்ல.

நமீபியா: வாகனம் இல்லாமல் முடியாது

நமீபியாவின் பரப்பு 8,25,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மக்கள் தொகை ஏறத்தாழ 30 லட்சம். சொசுஸ்வ்லை மணற்குன்றுகளுக்கும் எட்டோஷா பூங்காவுக்கும் பேருந்து கிடையாது. வழித்துணையோடு குழுவாகச் செல்லும் சுற்றுலாவில் சேரலாம், அல்லது விண்ட்ஹுக்கில் வாகனம் எடுக்கலாம். வாகனமே மேல் என்பது என் கருத்து. செலவு மிகுதியாகத் தோன்றினால் விடுதியில் இன்னொரு தம்பதியைத் தேடிப் பகிர்ந்துகொள்ளுங்கள். நால்வருக்கு மேல் வேண்டாம். நம் ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவை. இருவருமே அதை வைத்திருந்தால் ஒருவர் களைக்கும்போது மற்றவர் ஓட்டலாம்.

வாகனத்தைப் பெறும்போது இரண்டு மாற்றுச் சக்கரங்கள், வண்டியைத் தூக்கும் ஜாக்கி, காற்றழுத்தமானி, காற்றடிக்கும் கருவி எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் சக்கரம், முன்கண்ணாடி ஆகியவற்றின் சேதமும், வேறு வாகனம் மோதாமல் தானாகவே கவிழும் விபத்தும் அடங்குமா என்பதைத் தேடி வாசியுங்கள். இந்தக் கடைசி விதி ஒப்புக்கு எழுதியதல்ல. சரளைச் சாலை பார்வைக்கு அகலமாகவும் நேராகவும் இருப்பதால் வேகம் தானாகவே ஏறிவிடுகிறது. வளைவிலோ விலங்கு குறுக்கிடும்போதோ திடீரெனப் பிரேக்கை மிதித்தால் வாகனம் வழுக்கிக் கவிழ்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சரளைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் முன் நிறுத்திவிடுங்கள். இருளில் சாலைக்கு வரும் குடு மான் ஒரு மாட்டின் எடை கொண்டது. எரிபொருள் நிலையத்தைக் கண்ட இடத்திலெல்லாம், பாதி இருந்தாலும், நிரப்பிக்கொள்ளுங்கள்.

பயனுள்ள சுற்று இது: விண்ட்ஹுக்கிலிருந்து சொசுஸ்வ்லையின் வாயிலான செஸ்ரீம், அங்கிருந்து சொலிடேர் வழியாகக் கடற்கரை நகரான ஸ்வாகொப்முண்ட், பிறகு எட்டோஷா, மீண்டும் விண்ட்ஹுக். 1,600 கிலோமீட்டருக்கு மேல் வரும். எட்டு நாள் ஒதுக்குங்கள். செஸ்ரீமில் வெளிவாயிலுக்கு உள்ளே இருக்கும் கூடாரத் திடலிலேயே இடம் பிடிக்க வேண்டும். அங்கே தங்குவோருக்கு உள்வாயில் சூரிய உதயத்துக்கு முன்பே திறக்கப்படுகிறது. வெளியில் தங்குவோர் உதயம் வரை காத்திருக்க வேண்டும். வாயிலிலிருந்து 60 கிலோமீட்டர் தார்ச் சாலை, கடைசி 5 கிலோமீட்டர் மணல். நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனம் இல்லையென்றால், அல்லது இருந்தும் மணலில் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால், தார் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு அங்குள்ள வாகனத்தில் ஏறிக்கொள்ளுங்கள். நேரே டெட்வ்லைக்குச் சென்றுவிடுங்கள்: வெண்களிமண் தரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள், வறட்சியால் மட்காமலே நிற்கின்றன. காலை ஒன்பது மணிக்குப் பிறகு நிழலும் போய்விடும், கூட்டமும் சேர்ந்துவிடும்.

எட்டோஷாவில் ஒக்காகுவேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவில் விளக்கொளி உண்டு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் கறுப்புக் காண்டாமிருகமும் யானையும் தாமே வரும். பகலில் வாகனத்தை ஓட்டிக்கொண்டே தேடுவதைவிட ஏதாவது ஒரு நீர்நிலையில் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்பது அதிகப் பலன் தரும். பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. முகாம்களின் வாயில் சூரியன் மறையும்போது அடைக்கப்படும். ஜூன், ஜூலை தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால், செஸ்ரீம், எட்டோஷா இரண்டிலும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

வடக்கிலிருந்து தெற்கே வரும் சாலைகளில் கால்நடை நோய்த் தடுப்புவேலிச் சாவடிகள் உண்டு. பச்சை இறைச்சியைப் பறித்துக்கொள்வார்கள். போட்ஸ்வானாவிலும் இதே முறை; காலணியை மருந்து நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள். சமையல் பொருளை அதற்கேற்ப வாங்குங்கள்.

நமீபியாவிலிருந்து போட்ஸ்வானா

இந்தப் பயணத்தில் மிகவும் யோசிக்க வேண்டிய எல்லை இதுதான். இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கிழக்கே கோபாபிஸ், பூயிட்டெபோஸ், மமூனோ எல்லை, கான்சி வழியாக மௌன். ஏறக்குறைய 800 கிலோமீட்டர். எல்லையை ஒட்டிய பகுதியில் பேருந்து அரிது. வழியில் வரும் வாகனத்தை நிறுத்தி, எரிபொருளுக்குப் பங்கு கொடுத்து ஏறிக்கொள்வதே உள்ளூர் வழக்கம். இரண்டு நாள் ஒதுக்கிவிட்டால் இது சிரமமில்லை, ஒரே நாளில் முடிக்க நினைத்தால்தான் சிரமம். இன்னொன்று, வடகிழக்கே கட்டீமா முலீலோ வரை சுமார் 1,200 கிலோமீட்டர் இரவுப் பேருந்து. அங்கிருந்து ங்கோமா எல்லை வழியாகப் போட்ஸ்வானாவின் கசானே. இந்தச் சாலை ஜாம்பெசிப் பகுதி எனப்படும் நீண்ட நிலத்துண்டின் ஊடே செல்கிறது. 1890ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஜெர்மனி ஜாம்பெசி ஆற்றை எட்டுவதற்காகப் பெற்றுக்கொண்ட துண்டு அது. 2013 வரை ஜெர்மானிய அதிபர் காப்ரிவியின் பெயரால் அழைக்கப்பட்டது.

ஒகவாங்கோவைப் பார்ப்பதாக இருந்தால் முதல் வழி. நாட்கள் குறைவென்றால் இரண்டாவது. போட்ஸ்வானா குறைந்த எண்ணிக்கையில் அதிகம் செலவழிக்கும் பயணிகளையே விரும்பும் கொள்கையைப் பின்பற்றுவதால், வடிநிலத்தின் உட்பகுதி முகாம்கள் முதுகுப்பைப் பயணியின் கைக்கு எட்டாதவை. மௌன் நகரின் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, அங்கிருந்து இரண்டு இரவு மொகோரோப் பயணம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மொகோரோ என்பது கோலூன்றிச் செலுத்தும் ஒடுங்கிய ஓடம். ஒன்றில் இரு பயணிகள் அமர்வதால் தம்பதியருக்குச் சரியான அளவு. ஓடமோட்டி சொல்லாமல் நீரில் இறங்காதீர்கள். இரவில் கூடாரத்தின் இழுப்பானை முழுவதும் மூடி வையுங்கள். உணவை உள்ளே வைக்காதீர்கள்.

மௌனிலிருந்து கசானேக்கு நாட்டா என்ற சாலைச் சந்திப்பில் பேருந்து மாற வேண்டும். நாட்டாவிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் சாலையில் யானைகள் குறுக்கே கடப்பது வாடிக்கை. போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 1,30,000 யானைகள் உள்ளன. கசானேயில் மாலை மூன்று மணி நேரப் படகுப் பயணம் ஒன்றுக்குப் பணம் செலவழியுங்கள். சோபே ஆற்றில் யானைகள் நீந்திக் கடப்பதைப் பார்க்க அதுவே மலிவான வழி. இருட்டியபின் கசானேயில் நடக்காதீர்கள். நீர்யானைகள் புல் மேய ஊருக்குள் ஏறி வரும்.

ஜாம்பெசியைக் கடந்து

கசானேயிலிருந்து டாக்ஸியில் சிறிது தூரத்தில் கசுங்குலா. 923 மீட்டர் நீளமுள்ள பாலம் 2021 மே மாதம் திறக்கப்படும்வரை படகில்தான் கடக்க வேண்டியிருந்தது, சரக்கு வண்டிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. ஜிம்பாப்வேயின் நிலத்தைத் தொடாமல் இருப்பதற்காகப் பாலம் வளைவாகக் கட்டப்பட்டுள்ளது. போட்ஸ்வானா, ஜாம்பியா ஆகிய இரு நாடுகளின் முத்திரையும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். காலையிலேயே கடந்து, மறுபக்கத்தில் பகிர்வு டாக்ஸி பிடித்தால் மதிய உணவுக்கு லிவிங்ஸ்டன் போய்ச் சேரலாம். பாலத்தையும் சாவடியையும் காவலரையும் படம் எடுக்காதீர்கள். எல்லையில் பணம் மாற்றித் தருவதாகச் சூழும் இளைஞர்களிடம், அடுத்த ஊர்வரை தேவையான தொகைக்கு மேல் மாற்றாதீர்கள். வாங்கிய தாள்களை ஒருவர் எண்ணும்போது மற்றவர் கொடுக்க வேண்டிய தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

விக்டோரியா அருவியின் அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். ஜாம்பியப் பக்கம் அருவிக்கு மிக அருகில் நிற்கலாம். ஜிம்பாப்வேப் பக்கத்தில் நின்றால் அருவியின் பெரும்பகுதி எதிரே தெரியும். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் ஜிம்பாப்வேப் பக்கம். 1905இல் கட்டி முடித்த பாலத்தின்மேல் நடந்தே எல்லையைக் கடக்கலாம், முதுகுப்பையோடும் முடியும். கைப்பேசிக்கு நீர்புகா உறை போட்டுக்கொள்ளுங்கள். பாதையில் திரியும் பபூன் குரங்குகள் பார்க்கும்படி உணவைக் கையில் வைக்காதீர்கள்.

ஜாம்பியாவை இன்னும் பார்க்க விரும்பினால் லிவிங்ஸ்டனிலிருந்து தலைநகர் லுசாகாவுக்குச் சுமார் 480 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். அங்கே பொதுப் பேருந்துகள் இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்துவரை ஓடக் கூடாது என்று 2016இல் தடை வந்தது; ஆகையால் காலை முதல் பேருந்தையே பிடியுங்கள்.

ஜிம்பாப்வே வழியாக ஜோகன்னஸ்பர்க்

விக்டோரியா ஃபால்ஸ் நகரிலிருந்து புலவாயோ 440 கிலோமீட்டர். சாலை பல இடங்களில் பழுதடைந்தது, பகல் பேருந்திலேயே செல்லுங்கள். புலவாயோவை வெறும் மாற்றுநிலையமாகக் கடந்து போகிறவர்கள் பலர். அது பிழை. அகலமான பழைய தெருக்களும், அருகிலுள்ள மட்டோபோ குன்றுகளின் தொன்மையான பாறை ஓவியங்களும் இரண்டு நாளுக்குத் தகுதியானவை. நாள் இருந்தால் மஸ்விங்கோவுக்குச் சென்று, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய ‘பெரிய ஜிம்பாப்வே’ என்ற பழைய நகரின் மதில்களைப் பாருங்கள். நாட்டுக்கே பெயர் தந்த இடம் அது.

தென்னாப்பிரிக்காவுக்குள் நுழையும் பெய்ட்பிரிட்ஜ் எல்லை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தாலும் கூட்டத்துக்குப் பெயர்போனது. மாத இறுதியிலும் நீண்ட விடுமுறைகளிலும் இதைக் கடக்காதபடி நாளைத் தேர்ந்தெடுங்கள். பெயருள்ள நெடுந்தூரப் பேருந்தில், விடியற்காலையில் அல்லாமல் பகலில் ஜோகன்னஸ்பர்க் சேரும் சீட்டாக எடுங்கள். இறங்கும் நிலையத்திலிருந்து தெருவில் நடக்காமல், செயலி வழியாக டாக்ஸி வரவழைத்து, அது வந்துவிட்டது என்று தெரிந்தபின் வெளியே வாருங்கள். தங்குமிடம் முன்பே பதிவாகி இருக்கட்டும்.

ஊர் திரும்பியபின் மாத்திரையைக் கணக்கின்படி முடிக்க வேண்டும். பலர் விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களில் இருவரில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்தெந்த நாடுகளில் எப்போது இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் பரிசோதனையில் தெரியாவிட்டாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.